பையில் ஒரு தாழ்ப்பாள்

கொடைக்கானல் வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மலையில் 36 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். 1988-ல் கீழ்மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். அப்புறம் மேல்மலைக்கு மாற்றினார்கள். 2024-ல் ஓய்வு. என் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'நர்சம்மா' என்றால் தெரியும். உங்கள் பிள்ளைக்கு நான் ஊசி போட்டிருப்பேன், அது என்னைப் பார்த்தாலே அலறியிருக்கும். அந்தப் பிள்ளைகள் இப்போது ஜீப் ஓட்டுகிறார்கள். ஏறி உட்கார்ந்தால் காசு வாங்க மறுக்கிறார்கள், இன்னும் பயம் போலிருக்கிறது.

பேச அழைத்தபோது நிலையத்துப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "மேடம், தலைப்பைக் கொஞ்சம் நாசூக்காச் சொல்லலாமா? வீட்ல எல்லாரும் உக்காந்து கேப்பாங்க" என்றாள். நல்ல பெண், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் நாசூக்காகவே சொல்லிச் சொல்லித்தான் பாதிப் பேருக்கு நாங்கள் என்ன சொல்கிறோம் என்றே புரியாமல் போனது. 'பெண்களுக்கான சிறப்பு முகாம்' என்று போர்டு வைப்போம். தையல் மிஷின் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வருவார்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கர்ப்பப்பை வாய்க் கேன்சர். பக்கத்தில் மாமனார் இருந்தால் இருக்கட்டும், ரேடியோவைக் குறைக்க வேண்டாம். அவரும் கேட்கட்டும்.

கர்ப்பப்பை வாய் என்றால் எது? படம் போட்டுக் காட்ட இது டி.வி. இல்லை. உங்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ இடுப்பில் சொருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, சில்லறை, பஸ் டிக்கெட் எல்லாம் உள்ளே இருக்குமே, அது. அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். பை மேலே, சுருக்கு கீழே. பைதான் கர்ப்பப்பை. கயிறு இழுத்துச் சுருங்கியிருக்கும் இடம்தான் வாய். பிள்ளை உள்ளே இருக்கும்போது அந்தச் சுருக்கு இறுகி நிற்கிறது, பிரசவத்தில் அவிழ்கிறது. நாம் பேசப் போகும் நோய் அந்தச் சுருக்கில்தான் வருகிறது. நம்மால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு நர்சு விளக்கு வைத்துப் பார்த்தால் தெரியும். ஈரலுக்குள் வரும் கேன்சரை அப்படிக் கண்ணால் பார்க்க முடியுமா? இதைப் பார்க்கலாம்.

சரி, ஏன் வருகிறது? எச்.பி.வி. என்று ஒரு வைரஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது முழுப்பெயர், அதை நினைவு வைக்க வேண்டாம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை உண்டு. 16, 18 என்று எண் கொடுத்த இரண்டு வகைதான் பெரிய போக்கிரிகள். இந்தக் கேன்சரில் நூற்றுக்கு எழுபது அந்த இரண்டால் வருவது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வைரஸ் தாம்பத்திய உறவில் ஒட்டுவது.

இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நிற்பாள். செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்பாள். "நர்சம்மா, அப்ப அவரு எங்கிட்டாவது போயிட்டு வந்தாருன்னு அர்த்தமா?" இந்தக் கேள்விக்கு இன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்கிறேன். உறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் யாராக இருந்தாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போகிறது. சளி மாதிரி அவ்வளவு சாதாரணம். வந்ததே தெரியாது. பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். இன்றைக்குத் தெரிகிற மாற்றம் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய கிருமியால் வந்ததாகக்கூட இருக்கலாம். அதற்காக அவரையும் பஞ்சாயத்துக்கு இழுக்க வேண்டாம், அவளையும் சந்தேகப்பட வேண்டாம். இதில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சந்தேகத்தாலேயே ரிசல்ட்டை வாங்க வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்: இதில் குற்றவாளி யாரும் கிடையாது.

சிலருக்கு மட்டும் அந்தக் கிருமி போகாமல் தங்கிவிடும். தங்கினாலும் உடனே கேன்சர் இல்லை. முதலில் அந்தச் சுருக்கில் உள்ள செல்கள் மெதுவாகக் குணம் மாறும். புற்றாக ஆவதற்குப் பதினைந்து, இருபது வருஷம் எடுக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, முக்கியமாக எச்.ஐ.வி. இருந்து மாத்திரை எடுக்காதவர்களுக்கு, இது சீக்கிரம் நடக்கும்.

மலைக்காரர்களுக்குக் குறிஞ்சிக் கணக்கு சொன்னால் புரியும். நான் இங்கே வந்த பிறகு மூன்று தடவை குறிஞ்சி பார்த்துவிட்டேன், 1994, 2006, 2018. 2006-ல் மலை நீலமானபோது ஒருத்திக்கு ஒட்டிய கிருமி, 2018-ல் மறுபடி பூத்தபோதுகூடப் புற்றாக ஆகாமல் வெறும் மாற்றமாக நின்றிருக்கலாம். ஒரு குறிஞ்சிக்கும் அடுத்த குறிஞ்சிக்கும் நடுவில் நாலாயிரத்துச் சொச்சம் நாள். அதில் ஒரே ஒரு நாள் அவள் வந்திருந்தால் போதும். அவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோய் வேறு எது? மாரடைப்பு கொடுக்குமா? பாம்புக்கடி கொடுக்குமா?

இவ்வளவு அவகாசம் கொடுத்தும் என்ன நடக்கிறது? 2022 கணக்குப்படி நம் நாட்டில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். லட்சம், ஆயிரம் என்றால் காதில் விழுந்து போய்விடும், அதனால் பஸ் கணக்கில் சொல்கிறேன். கொடைக்கானலில் பஸ் ஏறி வத்தலக்குண்டில் இறங்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பதினெட்டு பெண்கள் இறந்துபோகிறார்கள். பஸ்ஸில் ஒரு பக்கத்து சீட்டெல்லாம் ஏறக்குறைய காலி.

பரிசோதனை எப்படி என்று சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். கதையைச் சொல்லத்தான் எனக்கு ஆசை, அதனால் இதைச் சீக்கிரம் முடிக்கிறேன்.

படுக்கச் சொல்வார்கள், பிரசவத்துக்குப் படுக்கிற மாதிரி. மேலே ஒரு துணி போர்த்துவார்கள். ஸ்பெக்குலம் என்று ஒரு கருவி, வாத்து அலகு மாதிரி இருக்கும், அதை வைத்து மெதுவாகத் திறந்து பார்ப்பார்கள். பஞ்சில் அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு அந்த வாயில் தடவுவார்கள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், ஊறுகாய்க்கும் நூடுல்ஸுக்கும் ஊற்றுகிற வினிகர்தான் அது. தடவிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். நல்ல இடம் இளஞ்சிவப்பாக அப்படியே இருக்கும். குணம் மாறிய இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். சில இடங்களில் அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். நல்ல இடம் வறுத்த காப்பிக்கொட்டை நிறமாகும், சந்தேகமான இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். அவ்வளவுதான். வெட்டுவது, குத்துவது, ரத்தம் எடுப்பது எதுவும் இல்லை. வலி என்று சொல்ல மாட்டேன், ஒரு சங்கடம் இருக்கும்.

சங்கடம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் கருவி இரும்பு. மார்கழியில் மேல்மலையில் தண்ணீர்க் குழாயைத் தொட்டால் எப்படி இருக்கும்? அந்தக் குளிர்ச்சியில் அந்த இரும்பு! முகாமில் முதல் பெண் "ஐயோ" என்று கத்தியது வலியில் இல்லை, குளிரில். வெளியே வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு நான்கு பேர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த முகாமிலிருந்து பெரிய பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோக ஆரம்பித்தோம். கருவியை அதில் நனைத்து, என் கை மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்போமே, அதே மாதிரி.

இப்போது கதை. 2012-ல் தமிழ்நாடு முழுக்க இந்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் செய்து பார்த்திருந்தார்கள். பரிசோதனை செய்வது என் வேலை இல்லை, அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்ற நர்சும் டாக்டரும் உண்டு. பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? அடுத்த வருஷமோ என்னமோ, மேல்மலையில் ஒரு ஊரில் முகாம். ஊர்ப் பெயர் வேண்டாம். பூண்டு எடுக்கிற சமயம், அது எங்கள் முதல் தப்பு. பூண்டு எடுக்கும்போது அங்கே கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். நாலு நாளாக வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். ஒவ்வொருத்தியும் "வர்றேன் நர்சம்மா, கட்டாயம் வர்றேன்" என்றாள். முகாம் அன்றைக்கு வெள்ளனவே ஜீப்பில் போய் இறங்கினோம். சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு, திரை கட்டி, விளக்கு பொருத்தி உட்கார்ந்தோம். ஒன்பது மணி. பத்து மணி. பத்தரை. ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

நான் மைக் பிடித்துப் பேச ஆரம்பித்தேன். கேன்சர் எவ்வளவு பயங்கரம், எத்தனை பேர் சாகிறார்கள், பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கின்றன என்றெல்லாம். ஊரே கேட்டிருக்கும். கூடத்துக்கு எதிரே திண்ணையில் ஒரு அப்பத்தா உட்கார்ந்து பூண்டுத் தாளைச் சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். கையெல்லாம் மண், சுற்றிலும் பூண்டு வாசம். நான் அரை மணி நேரம் பேசியும் அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் தொண்டை கட்டிப்போய் அவரிடமே போய் உட்கார்ந்தேன். "அப்பத்தா, ஏன் ஒருத்தரும் வரல? கேன்சருக்குப் பயப்படுறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கட்டை இறுக்கி முடிந்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேன்சருக்கு யாருத்தா பயந்தா? அந்தக் கதவுக்குத் தாப்பாள் இல்ல. நாலு வருசமா இல்ல. இதுக்குள்ள போயி எந்தப் பொம்பள துணியத் தூக்குவா?"

திரும்பிப் பார்த்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. உள்ளே திரை கட்டியிருந்தோம், உண்மைதான். ஆனால் மேல்மலைக் காற்று உங்களுக்குத் தெரியும். காற்று ஒரு அடி அடித்தால் கதவு தானாகத் திறந்தது, திரை கொடி மாதிரி பறந்தது. எதிரே டீக்கடை, அதில் எட்டு ஆண்கள். நான்கு மணி நேரம் அந்த அறையில் இருந்தும் எங்களில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. நாங்களும் பெண்கள்தான். ஆனால் நாங்கள் அன்றைக்கு அந்த மேஜையில் படுக்கப் போவதில்லையே.

தாழ்ப்பாள் வாங்க அந்த ஊரில் கடை ஏது? கொடைக்கானல் வந்து போவதென்றால் பொழுது போய்விடும். அந்த அப்பத்தா பேரனைக் கூப்பிட்டார். "நம்ம பூண்டு செட்டுக் கதவுல இருக்கிறதக் கழத்திட்டு வாடா" என்றார். அவன் கழற்றி வந்தான். ஸ்க்ரூ நாலில் இரண்டுதான் தேறியது. அதை வைத்து அறைந்தான். உள்ளேயிருந்து இழுத்துப் பூட்டிப் பார்த்தோம். 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பத்தா பூண்டுக் கூடையைத் தூக்கி வந்து கதவுக்கு வெளியே வாசலை அடைத்தாற்போல உட்கார்ந்துகொண்டார். டீக்கடைப் பக்கம் பார்த்து ஒரு அதட்டல். கடை காலியானது. ஒரு மணி நேரத்தில் வரிசை வந்தது. சாயங்காலம் வரை இருபத்து மூன்று பேர். கடைசியாக அப்பத்தாவே உள்ளே வந்தார், காவலுக்கு மருமகளை உட்கார வைத்துவிட்டு. முடிந்து சேலையை உதறிக்கொண்டு எழுந்து, "இம்புட்டுத்தானா? இதுக்கா மைக்குல அந்தக் கத்து கத்துன?" என்றார்.

அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. முப்பத்தெட்டு வயது. வெள்ளைப்படுதல் இல்லை, வலி இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் இரண்டு மூட்டை தூக்கிவிட்டு வந்தவள். கீழே அனுப்பி வைத்தியம் பார்த்தோம், புற்றாக ஆகும் முன்பே சரியானது.

அதற்குப் பிறகு என் கைப்பையில் ஒரு தாழ்ப்பாள், நாலு ஸ்க்ரூ, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். சிரிக்காதீர்கள். ஓய்வு பெறும் வரை எட்டு கதவுக்குப் போட்டிருக்கிறேன், எல்லாம் சொந்தக் காசு. ஒரு இடத்தில், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், லட்சக்கணக்கில் செலவு செய்து புது அறை கட்டி, டைல்ஸ் ஒட்டி, திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கதவில் வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்! உள்ளே இருப்பவளை வெளியே இருப்பவன் பூட்டலாம், அவள் தன்னைப் பூட்டிக்கொள்ள முடியாது. அந்த அறையை வரைந்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது சொன்னேன். பெண்தான் என்று பிறகு தெரிந்தது. அவரும் அந்த மேஜையில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நேரம் பார்க்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். பாதி தாண்டிவிட்டது. இந்தக் கதையை ஆரம்பித்தாலே இப்படித்தான்.

நம் மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் கேரட்டும் பீன்ஸும் போகிற ஒட்டன்சத்திரம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்கிருக்கும் மருத்துவமனைக்காரர்களும் பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000-லிருந்து நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். ஊர்களை 114 தொகுப்பாகப் பிரித்தார்கள். பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களை அழைத்து இதே வினிகர் பரிசோதனை, மீதிப் பாதியில் வழக்கம்போல. பார்த்தவர்கள் நர்சுகள், கவனியுங்கள், பயிற்சி பெற்ற நர்சுகள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்கள். சில வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால், பரிசோதனை நடந்த பக்கத்தில் நோய் கால்வாசி குறைந்திருந்தது, சாவு மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே குறைந்திருந்தது. 2007-ல் லான்செட் என்கிற பெரிய மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நம் மலையடிவாரத்துப் பெண்கள் படுத்த அந்த மேஜைகளிலிருந்துதான் இந்தக் கணக்கு உலகத்துக்குப் போனது.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. அழைத்தது 49,311 பேரை. வந்தது 31,343 பேர். அதாவது பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. அந்தப் பதினெட்டாயிரம் பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா?

தாழ்ப்பாள் மட்டுமா காரணம் என்பீர்கள். இல்லைதான். ஒரு நாள் கூலி போகும். கிழவரை, கவுஞ்சி மாதிரி ஊர்களில் காலையில் போகிற பஸ்ஸை விட்டால் அப்புறம் எப்போது என்று காத்துக் கிடக்க வேண்டும். பளியர் குடியிருப்புகளில் சிலவற்றுக்கு அந்த பஸ்ஸும் கிடையாது, நடைதான். இதற்கெல்லாம் மேலே ஒன்று. நமக்கு ஆஸ்பத்திரி என்றால் நோவு வந்தால் போகிற இடம். "நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு?" இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நல்லா இருக்கும்போதுதான் வரணும் அக்கா. இந்த நோய் வலியோடு வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது. உறவுக்குப் பிறகு ரத்தம், தீட்டு நின்று போன பிறகு மறுபடி ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் ஒன்று இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். 'உடம்பு சூடு' என்று வெந்தயம் ஊற வைத்துக் குடித்துக்கொண்டு ஆறு மாதத்தைக் கழிக்கக் கூடாது. முற்றிப் போனால் மதுரைக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். மலையிலிருந்து போய் எங்கே தங்குவது, மாட்டை யார் பார்ப்பது? அந்த அலைச்சலை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் எப்போது பார்த்துக்கொண்டேன் தெரியுமா? நாற்பத்தெட்டு வயதில். ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு போனவள் நான் மட்டும் படுக்கவே இல்லை. வேலை, நேரமில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பார்க்கப் போவது என்னோடு ஒன்றாக டீ குடிக்கிற நர்சு, எனக்குப் பத்து வயது சின்னவள். அவள் முன்னால் எப்படி? தாழ்ப்பாள் இருந்தும் எனக்குக் கூச்சம். ஒரு நாள் முகாம் சீக்கிரம் முடிந்தது. அவளே கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, படுங்க" என்றாள். படுத்தேன். வினிகர் தடவினாள். ஒரு நிமிஷம். அவள் வழக்கமாக அந்த ஒரு நிமிஷத்தில் பேசிக்கொண்டே இருப்பாள், வந்தவர்களுக்குப் பயம் தெரியக் கூடாது என்று. அன்றைக்குப் பேச்சு நடுவில் நின்றுவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளையாகத் தெரிந்தால் கேன்சர் என்று அர்த்தமில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! திண்டுக்கல் ஆய்விலேயே பத்தில் ஒருத்திக்கு அப்படித் தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோருக்குக் கேன்சர் கிடையாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. கீழே போய்ப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தார்கள், துளி சதை எடுத்து அனுப்பினார்கள், ரிசல்ட் வரப் பத்து நாள். என் வீட்டுக்காரரிடம்கூட ஏழாவது நாள்தான் சொன்னேன். புற்றாக ஆகும் முன்னால் உள்ள மாற்றம் என்று வந்தது. குளிர வைத்து உறைய வைக்கிற வைத்தியம் செய்தார்கள், கிரையோ என்பார்கள். ஒரு உலோக முனையை வைத்து மூன்று நிமிஷம் உறைய வைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி மூன்று நிமிஷம். அடிவயிற்றில் தீட்டு வலி மாதிரி ஒரு இழுப்பு. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. அன்றைக்கே பஸ் ஏறி, பெருமாள்மலையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் தண்ணீர் மாதிரிப் போகும், துணி வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்காரரைத் தள்ளி இருக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டு குறிஞ்சிக்கு நடுவிலே நின்று இதோ உங்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமா? தடுப்பூசிக்கென்று ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன். சரி, வேகமாகச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் இந்த நோயைப் பெரும்பாலும் தடுக்கலாம். நம் நாட்டிலேயே, புனேயில் தயாராகும் செர்வாவேக் என்ற ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதற்காக 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை பிறக்காமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசி போட்ட பிள்ளையும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனைக்கு வர வேண்டும், ஊசி எல்லா வகையையும் தடுக்காது.

யார் வர வேண்டும்? 30-லிருந்து 65 வயது வரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களும் வர வேண்டும், அது குழாயைக் கட்டுவதுதான், வாய் அப்படியேதான் இருக்கிறது. தீட்டு நாளில் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். சேலையோ பாவாடையோ கட்டி வந்தால் முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டால் போதும். சுடிதாரில் வந்தால் கொஞ்சம் சிரமம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. 2019-21 குடும்ப நல ஆய்வில் 30-லிருந்து 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாநிலங்களில் நாம்தான் முன்னால். பத்துக்கே முதல் இடம்!

கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பற்றியும், நாமே பஞ்சில் எடுத்துக் கொடுக்கிற புது எச்.பி.வி. பரிசோதனை பற்றியும் குறித்து வைத்திருந்தேன். அதற்கு நேரமில்லை, உங்கள் ஊர் நர்சிடம் கேளுங்கள். போகும்போது கதவையும் ஒரு தடவை பாருங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் சொல்லுங்கள், என் பையில் இன்னும் ஒன்று இருக்கிறது.

வணக்கம்.